திருகாணி ஏறாத தகடு

என் மேஜையின் மேல் ஒரு பித்தளைத் தகடு கிடக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். நான்கு மூலைகளிலும் நான்கு துளைகள். மேல்பாதியில் ஆங்கிலம், கீழ்ப்பாதியில் அரபி. இரண்டிலும் ஒரே பொய். எட்டு வருடங்களாகத் தேநீர்க் கோப்பையை அதன் மேல்தான் வைக்கிறேன். அதிலும் ‘விமானியின் கவனக்குறைவு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் மேல், குறி பார்த்து. கோப்பையின் அடிவட்டம் அங்கே கறையாகப் படிந்து, முதல் சொல்லை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. துளைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எந்தத் திருகாணியும் அவற்றுக்குள் நுழைந்ததில்லை. தகட்டில் உள்ளதை எழுதியவன் நான். நுழைக்க மாட்டேன் என்று சொன்னவர் எங்கள் ஃபோர்மேன்.

வளைகுடாவில், ஜெபல் அலியில் இருக்கும் எங்கள் கம்பெனி கடைகளுக்குப் பெயர்ப் பலகையும், மால்களுக்கு அம்புக்குறியும், எப்போதாவது அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிப் பேழையும் செய்து கொடுக்கிறது. அவற்றில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. தமிழில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். அவற்றை வாசித்தவர்கள் ஒவ்வொருவரையும் எனக்கு நேரில் தெரியும். ஆனால் ‘கழிப்பறை இடப்புறம்’ என்று நான் எழுதியதை லட்சம் பேர் வாசித்து, வாசித்ததோடு நில்லாமல் அதன்படி நடந்தும் இருக்கிறார்கள். வேறெந்த எழுத்தாளனுக்கு இந்தப் பேறு வாய்க்கும்? ஒர்க்ஷாப்பில் எல்லோரும் என்னை ‘ரைட்டர்’ என்பார்கள். இலக்கியத்துக்கான மரியாதை என்று முதல் வருடம் நம்பினேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவரைக் கூப்பிடுகிற தொனி அது என்று இரண்டாம் வருடம் புரிந்தது.

அதுவும் நியாயம்தான். விபத்துப் படிவங்களை நிரப்புவதும் என் பொறுப்பு. எவன் விரல் எந்த இயந்திரத்தில் மாட்டினாலும் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் திறக்கும். ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் நான்கு பதில்கள் கீழே தொங்கும்: ஆள் தவறு, இயந்திரக் கோளாறு, வானிலை, இதர. இயந்திரக் கோளாறு என்றால் இயந்திரம் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். இதர என்றால் தனியாக விளக்கம் இணைத்து, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வானிலையைச் சொல்ல முடியாது; ஒர்க்ஷாப்புக்குக் கூரை இருக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்து எங்கள் கம்பெனியில் எந்த இயந்திரமும் இதுவரை தவறு செய்ததில்லை.

ஃபோர்மேன் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கடலுக்குப் போகிற குடும்பம். அவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டராகி இங்கே வந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் நானும் மற்றவர்களைப் போல ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் நின்ற நிலை அப்படி. குள்ளம், அகலம், சட்டைப் பையில் எப்போதும் பென்சில், காற்சட்டைப் பைகளில் எப்போதும் திருகாணிகள். நடக்கும்போது சில்லறைக்காரர் போலச் சத்தம் வரும். சுவரில் ஒரு பலகை மாட்டினால் நான்கடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மட்டம் பார்க்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டி, முழுவதும். “நான் அடிக்கது என்னன்னு எனக்குத் தெரியாண்டாமா?” என்று ஒருமுறை சொன்னார். என் எழுத்தின் மிகக் கவனமான வாசகர் ஆணியோடும் சுத்தியலோடும் அலைந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்த வாரம் வரும் வரை.

வடக்கே ஓர் எமிரேட்டில் பழைய விமான இறங்குதளத்தின் கட்டடத்தைப் புதுப்பித்து, சின்ன அருங்காட்சியகம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். விமானத்தில் தபால் போகத் தொடங்கிய புதிதில், லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கடிதங்கள் இந்தக் கரையோரம் இறங்கி, எண்ணெய் குடித்து, மறுபடி பறக்கும். அப்படிப் பறந்த விமானம் ஒன்று போய்ச் சேரவில்லை. காலை உணவுக்குப் பிறகு கிளம்பியிருக்கிறது. தெளிந்த வானம். விமானியும் வயர்லெஸ்காரரும் மட்டும். மீதி இடமெல்லாம் தபால் மூட்டைகள். தளத்துக் காவலாளி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடல் பக்கம் வழக்கம்போலத் திரும்பியது, திரும்பியபடியே தண்ணீருக்குள் இறங்கியது. இருவரும் இறந்தார்கள். மூட்டைகள் கிழிந்து கடிதங்கள் மிதந்தன. முத்துக் குளிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் படகில் போய் அவற்றைப் பொறுக்கி வந்து, மணலில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துக் காயப்போட்டுத் தளத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். அப்படிக் காய்ந்த கடிதம் ஒன்று பேழையில் வைக்க வந்திருந்தது. உள்ளே எழுதியதெல்லாம் நீல மேகமாகக் கரைந்திருந்தது. முகவரியைப் பென்சிலால் எழுதியிருந்ததால் அது மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அந்தப் பேழைக்குக் கீழே மாட்டவேண்டிய தகட்டுக்குத்தான் நான் வாசகம் எழுதினேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆலோசகர் அம்மையார் எல்லாத் தகடுகளுக்கும் ஒரே அச்சு கொடுத்திருந்தார்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாம் கற்றது என்ன. மூன்று கட்டம், மூன்றும் நிரம்ப வேண்டும். பார்வையாளர்கள் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்பார். விசாரணை அறிக்கையின் நகல் இரண்டே பக்கம். முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தைப் பிறகு படிக்கலாம் என்று வைத்தேன். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் ‘ஏன் நடந்தது’ என்ற கட்டம் என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. பத்து வருடப் பழக்கத்தில் என் கை தானாகவே எழுதியது: விமானியின் கவனக்குறைவே காரணம் எனக் கருதப்படுகிறது. யார் கருதினார்கள்? யாரும் இல்லை. ‘கருதப்படுகிறது’ என்று எழுதிவிட்டால் ஓர் அறை நிறையப் பெரிய மனிதர்கள் மோவாயைத் தடவியபடி உட்கார்ந்திருப்பது போன்ற தோற்றம் வந்துவிடும். அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதுவும் பரோட்டா தின்றுகொண்டு.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தகடுகளை மாட்டப் போனோம். ஃபோர்மேன் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தார். இதை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தவர், மாட்டாமல் நான்கடி பின்னால் போய் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ரைட்டரே, இங்க வாரும். இத எவன் சொன்னான்?”

“எது அண்ணாச்சி?”

“கவனக்குறைவுன்னு. பக்கத்துல ஒக்காந்திருந்தவனும் செத்துட்டாம்லா? பொறவு யாரு வந்து சொன்னா?”

“அறிக்கை இருக்கு அண்ணாச்சி.”

“அறிக்கையில இருக்கா?”

இந்த இடத்தில் நான் இருமினேன். வாழ்க்கையில் பல சிக்கல்களை இருமலால் கடந்தவன். அவர் இருமல் முடியும் வரை பொறுமையாக நின்றார்.

“படிச்சீரா வே?”

“முதல் பக்கம் படிச்சேன்.”

அவர் தகட்டைக் கீழே வைத்தார். எறியவில்லை, துணியை விரித்து, எழுத்துப் பக்கம் கீழே வரும்படி மெதுவாக வைத்தார். “அப்ப நான் இத மாட்ட மாட்டேன்” என்றார்.

மேனேஜர் லக்னோக்காரர். கெட்டவர் இல்லை, அவசரமானவர். இந்த ஊரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர் வந்து, “அரே பாய், ஜல்தி லகாவ்” என்று சீக்கிரம் மாட்டச் சொன்னார். எங்கள் ஃபோர்மேன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், “ஸ்க்ரூ மாஃபி, சாப்” என்றார். திருகாணி தீர்ந்துவிட்டதாம். சொல்லிவிட்டு ஓரடி எடுத்து வைத்தார். இரண்டு பைகளும் கலகலத்தன. மேனேஜருக்கு முகம் சிவந்தது. மாட்டாவிட்டால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று இந்தியில் கத்தினார். அதற்கு ஃபோர்மேன், தூத்துக்குடி வாடை வீசும் தம்முடைய இந்தியில், நிதானமாக ஒன்று கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “பண்ணுங்க சாப். அந்த ஃபாரத்துலயும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதுவீங்க? பொய் அடிக்க மாட்டேன்னான், அதனால அனுப்புதோம்னு எழுதுவீங்களா?” மேனேஜர் என்னைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அந்த ஆளுக்குப் புத்தி சொல்லி மாட்ட வை, இல்லையென்றால் இரண்டு பேரும் போகலாம் என்ற பொருள் அந்தப் பார்வையில் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

கட்டடத்தின் பின்புறம், பழைய ஓடுபாதை இருந்த பக்கமாக, நிழலில் உட்கார்ந்தோம். இப்போது அங்கே ஆறு வழிச் சாலை. நான் இரண்டு கரக் டீ வாங்கி வந்திருந்தேன். புத்தி சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கும் எனக்கும் என்ன அண்ணாச்சி, அந்த விமானி நம் மாமனா மச்சானா, செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, அவன் பேரன் பேத்திக்குக்கூட நினைவிருக்காது. நன்றாகத்தான் பேசினேன். கோழைத்தனத்துக்கு என்னிடம் எப்போதும் நல்ல நடை கைவசம் உண்டு.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். தம்பி ஒருவன் இருந்தானாம். பக்கத்து நாட்டில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ஒருநாள் காலையில், காற்றில்லை, பெரிய பளுவில்லை, கிரேன் அப்படியே சாய்ந்தது. ஏன் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. சவப்பெட்டியோடு ஒரு காகிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். மாதா கோயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன் தம்பியின் மனைவி, “என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க அத்தான்” என்று கேட்டிருக்கிறாள். சுற்றி ஊரே நிற்கிறது. காகிதத்தில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று இருந்தது.

“என்ன வாசிச்சீங்க?”

“காரணம் தெரியலன்னு எழுதியிருக்குன்னு வாசிச்சேன். காயிதத்துல இல்லாதத வாசிச்சேன் வே. ஊரு முன்னால நான் சொன்ன ஒரே பொய்யி அதுதான், அதுதான் நெசமும்.” காலிக் கோப்பையைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். “தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. அதுல என்ன கொறஞ்சு போவும் ஒங்களுக்கு? பேச வாயில்லாதவன் தலையில கொண்டு வைக்கியளே, அவன் கையெழுத்தா போடுதான்?”

அந்தப் ‘பேச வாயில்லாதவன்’ என் படிவங்களில் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றியது. எண்ணவில்லை, எண்ணத் தொடங்கினால் டீ ஆறிவிடும் என்று பயந்தேன். அதற்குப் பதிலாகப் பையிலிருந்து அறிக்கையை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் படித்தேன், உரக்க, அவருக்குத் தமிழாக்கிக்கொண்டே. இயந்திரம் சரியாக இருந்தது. எண்ணெய் இருந்தது. பாரம் அளவாக ஏற்றப்பட்டிருந்தது. விமானி இதே தடத்தில் பலமுறை பறந்தவர். முந்தைய இரவு நன்றாகத் தூங்கியதாக உடன் தங்கியவர் சொல்கிறார். ஒவ்வொரு வரியும் ஒரு கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால் அடுத்த கதவுக்குப் போனது. கடைசி வரியில் அந்த விசாரணை அதிகாரி, யாரோ எவரோ, தைரியமாக எழுதிவிட்டுப் போயிருந்தார்: விபத்துக்கான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. அவருக்கு முன்னாலும் ஒரு கட்டம் இருந்திருக்கும். மேலதிகாரி இருந்திருப்பார். செத்தவன் தலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது அவருக்கும் சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

“நல்ல மனுசன்” என்றார் ஃபோர்மேன். “அவரு கொறயா எழுதினத நீரு நெறவா எழுதிப்புட்டீரு.”

ஆலோசகர் அம்மையாரிடம் போனேன். துணிச்சலாக நடந்து போனேன் என்று எழுத ஆசைதான். வழியில் இரண்டு முறை நின்று செருப்பு வாரைச் சரிசெய்தேன். இரண்டாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். “இதை நானும் படிக்கவில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனாலும் தொழில் விடவில்லை. ஏன் என்று தெரியாவிட்டால் மூன்றாவது கட்டத்தில் ‘நாம் கற்றது’ என்று எதைப் போடுவது என்று கேட்டார். திரும்பி வந்து ஃபோர்மேனிடம் கேட்டேன். அவர் பேழைக்குள் இருந்த கடிதத்தைக் காட்டினார். “கடல்ல போட்டதப் பொறுக்கிக் காயப்போட்டுக் குடுத்தான்லா, அது தெரிஞ்ச விசயம்தான? அத எழுதும். எங்காளு செஞ்ச வேலை. கல்லு வச்சாம் பாரும், காத்துல பறந்துரும்னு. அது கவனம்.”

அப்படியே எழுதினேன். ‘ஏன் நடந்தது’ என்பதன் கீழ்: தெரியவில்லை. ‘நாம் கற்றது’ என்பதன் கீழ்: மிதந்த கடிதங்களை இக்கரை மீனவர்கள் எடுத்து உலர்த்தி, உரியவர்களுக்குப் போய்ச் சேரும்படி ஒப்படைத்தார்கள். மேனேஜருக்கு அம்மையாரின் கையெழுத்து போதும், காரணம் கேட்கவில்லை. மறுநாளே ஜெபல் அலியில் புதுத் தகட்டை வெட்டி, ஃபோர்மேன் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பிக்கப்பில் வந்தார். மாட்டும்போது பையிலிருந்து எடுத்த திருகாணிகள் மற்றத் தகடுகளுக்குப் போட்டவை அல்ல. தலையில் இருக்கும் வெட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. முறுக்கினால் ஏறும், எதிர்ப்பக்கம் திருப்பினால் திருப்புளி வழுக்கிவிடும். திருகாணி மரையில் கோந்தையும் தாராளமாகத் தடவினார்.

“இது என்ன ஸ்க்ரூ அண்ணாச்சி?”

“ஒன்வே. போவத் தெரியும், திரும்ப வரத் தெரியாது.” நான்கையும் ஏற்றிவிட்டு, நான்கடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். ‘தெரியவில்லை’ என்பதற்கு நேராக ஆங்கிலத்தில் இருந்ததை மட்டும் இரண்டு முறை.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘ஆட்குறைப்பு’ என்று இருந்தது. அந்த மாதமே இரண்டு பேரைப் புதிதாக எடுத்தார்கள். என்னிடம் காட்டிச் சிரித்தார்: “பாத்தீரா வே, எனக்கு மட்டும் காரணம் கண்டுபுடிச்சிட்டானுவ.” நான் ஒரு கண்டனக் கடிதம் எழுதினேன். நல்ல நடை. அனுப்பவில்லை. என் எழுத்திலேயே சிறந்தது அதுதான் என்று இன்னமும் நினைக்கிறேன். வாசகர் எண்ணிக்கை வழக்கம்போல. கிளம்புகிற அன்று அவர் என் மேஜைக்கு வந்து இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, மாட்டாமல் போன முதல் தகடு. மற்றொன்று, அந்த ஒருவழித் திருகாணியைக் கழற்றுவதற்கென்றே அவர் ஒர்க்ஷாப்பில் கடைந்து செய்திருந்த சின்னக் கருவி. “என்னைக்காவது காரணம் தெரிஞ்சா கழத்தி மாத்திரும். அதுக்கு முன்ன எவனாவது மாத்தச் சொன்னா, ஒம்ம இஷ்டம்” என்றார். தகட்டை மேஜைமேல் வைத்தேன். கருவியை இழுப்பறையில் போட்டேன். இப்போது அவர் ஊரில் படகு இயந்திரங்கள் பழுதுபார்க்கிறார்.

போன மாதம் அந்த அருங்காட்சியகத்தில் பழைய தகடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, தொட்டால் பேசும் திரைகள் வைக்கிறார்கள் என்று வேலை எங்களுக்கே வந்தது. புதிய வாசகங்கள் வேறெங்கோ எழுதப்பட்டு வந்திருந்தன. கடல் விபத்துக்கான திரையைத் தட்டினேன். எனக்குக் கீழ் வேலை பார்க்கும் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள், பெருமையாக: “சார், பழையதுல ‘ஏன்’ங்கிற பகுதி காலியா இருந்தது. அதையும் நிரப்பிட்டாங்க.” எப்படி நிரப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ‘கருதப்படுகிறது’கூட அப்படியே இருந்தது. என் நடை எங்கேயோ எனக்குத் தெரியாமல் பிள்ளை பெற்று வளர்ந்திருக்கிறது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். திருத்தம் கேட்டு மேலே மின்னஞ்சல் போட்டேன். இந்த முறை அனுப்பவும் செய்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பழைய தகட்டை எடுக்காமல் அந்த இடத்தில் திரையை மாட்ட முடியாது.

மற்றத் தகடுகளெல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. அது வரவில்லை. திருப்புளி வழுக்கியது. ட்ரில் போட்டார்கள், பவளக்கல் சுவர் பொலபொலவென்று உதிரத் தொடங்கியதும், பாதுகாக்கப்பட்ட கட்டடம், கை வைக்காதீர்கள் என்று இன்ஜினியர் ஓடி வந்து நிறுத்தினார். இரண்டு நாள் போராடிவிட்டு ஆட்கள் திரும்பினார்கள். புது மேனேஜர் என்னிடம் படிவத்தைத் திறக்கச் சொன்னார்: அகற்ற இயலாத பொருள், காரணம் என்ன? இழுப்பறையில் அந்தக் கருவி இருந்தது. எடுத்துக் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. நாற்பத்தொன்பது வயதில், வீட்டுக் கடனும் சர்க்கரையும் உள்ள ஒருவன் எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும். நானும் சாவியைத் தேடத்தான் செய்தேன்.

சாவி கிடைத்தது. இழுப்பறையைப் பூட்டினேன். கோப்பையைத் தகட்டின் மேல், அதே சொற்களின் மேல் வைத்தேன். காரணம் என்ற கட்டத்தைத் தொட்டதும் நான்கு பதில்கள் கீழே தொங்கின. வாழ்க்கையில் முதல்முறையாக ‘இதர’ என்பதைத் தொட்டேன். தனி விளக்கம் இணைத்து, மூன்று பேரிடம் நானே நடந்து போய்க் கையெழுத்து வாங்கினேன். விளக்கம் ஒரே வரிதான். காரணம் முழுக்கத் தெரிந்து நான் எழுதிய ஒரே விபத்து அறிக்கை அது.

‘தகடு ஏன் கழன்று வரவில்லை என்று தெரியவில்லை.’